காரைக்குடியில் செய்வித்த துப்பாக்கிப் பெட்டகமும் அதன் இரண்டு சாவிகளும்

என் ஐயா (தாத்தா) காலத்து 12 போர் அளவு இரட்டைக் குழல் துப்பாக்கியை வைப்பதற்கென்று காரைக்குடியிலுள்ள ஒரு பீரோ பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்த இரும்புப் பெட்டகம் எங்கள் வீட்டுக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான்கரை அடி உயரமும் பதினான்கு அங்குல அகலமும் ஓரடி ஆழமும் கொண்ட அதற்கு, 2 மில்லிமீட்டர் தகடு, இரண்டு தனிப் பூட்டுகள், தோட்டாக்களுக்கு ஒரு தனிப் பெட்டி, ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் சேர்த்து 31,500 ரூபாய் கொடுத்தேன். குறைகளையும் எழுதப்போவதால் பட்டறையின் பெயரைச் சொல்லவில்லை. பட்டறைக்காரர் நல்ல வேலைக்காரர் என்பதையும், அவரிடம் நான் கண்ட குறைகளில் பாதி அந்தத் தொழிலில் எல்லோரிடமும் உள்ளவை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான்; பொது மருத்துவனாக இருபத்தாறு ஆண்டுகள் இந்த ஊரில் பார்த்தவற்றைக் கொண்டே இந்தப் பெட்டகத்தை எடைபோடுகிறேன். ஒரு வேட்டைக்காரரோ காவல்துறையில் இருந்தவரோ எழுதினால் இந்த மதிப்புரை வேறு மாதிரி இருக்கும்.

ஐயா பர்மாவில் கொண்டுவிற்கப் போய், 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்த காலத்தில் திரும்பி வந்தவர்களில் ஒருவர். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடக்கும் வீடு, ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடப்பது, உள்ளே வெள்ளிச் சாமானும் வைரத்தோடும். அதனால் காவலுக்கென்று துப்பாக்கி வாங்கி வைத்தவர்கள் அந்தத் தலைமுறையில் இருந்தார்கள். எங்கள் வீட்டில் அது முகப்பில், ஐயாவின் படத்துக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் நின்றது. பங்காளி வீட்டுப் பிள்ளைகளும் நாங்களும் அதன் குழலுக்குள் சுண்டுவிரலை விட்டு யார் விரல் ஆழமாகப் போகிறது என்று பார்த்திருக்கிறோம். தோட்டாக்கள் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் தகர டப்பாவில் இருந்தன என்பதை இப்போது நினைத்தால் எனக்குக் கை வேர்க்கிறது.

அப்பச்சி (அப்பா) காலமானதும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, என் பெயருக்கு உரிமம் கேட்டுச் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தேன். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்துபோனாலோ, அவருக்கு 70 வயது ஆனாலோ, அவர் 25 ஆண்டுகள் அந்த ஆயுதத்தை வைத்திருந்தாலோ, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம். காவல்துறை விசாரணையும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழியும் உண்டு. அவற்றோடு எஸ்-3 என்ற படிவத்தில், விண்ணப்பதாரரின் உடல்நலமும் மனநலமும் சரியாக இருக்கின்றன என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவர்கள் துப்பாக்கியைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது நம் நாட்டில் வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடாமல் சட்டத்துக்குள் வந்து சேரும் இடம் இந்த ஒரு தாள்தான் என்று நினைக்கிறேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ சான்றிதழ்களை நின்றபடியே எழுதிக்கொடுத்த எனக்கு, மனநல மருத்துவரான என் தோழி, உட்கார வைத்து முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். தூக்கம், மது, கடன், அப்பச்சி இறந்த பின் மனம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "சாவி யார்கிட்ட இருக்கப்போகுது?" என்றார். என்னிடம்தான் என்றேன். "அப்ப நீங்க நல்லா இல்லாத அன்னைக்கும் உங்ககிட்டதானே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். படிவத்தில் அப்படி ஒரு கேள்வி கிடையாது. இந்தப் பெட்டகம் அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் செய்வித்தது.

அவர் சொன்னதை யோசித்துக்கொண்டு திரும்பும்போது, பதில் எங்கள் மருத்துவமனை அறுவை அரங்கிலேயே நெடுங்காலமாக நின்றுகொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில் போன்ற கடும் வலிநீக்கி மருந்துகளை வைக்கும் அலமாரியை இன்றும் நாங்கள் டி.டி.ஏ. அலமாரி என்றே சொல்கிறோம்; 1930ஆம் ஆண்டு அபாயகர மருந்துகள் சட்டத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது, 1985இல் புதிய சட்டம் வந்து பழையது ஒழிந்த பின்னும் பெயர் ஒழியவில்லை. கதவுக்குள் கதவு, இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி, எடுத்ததற்கும் மிஞ்சியதற்கும் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து. அந்த அலமாரியைப் பார்த்து எந்த மயக்க மருந்து மருத்துவரும் தன்னைச் சந்தேகிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டதில்லை. வலியைத் தீர்க்கும் பொருளே உயிரையும் எடுக்கும் என்று தெரிந்த தொழிலில், ஒருவர் கையில் மட்டும் சாவி இருப்பதில்லை.

ஆகவே பட்டறையில் நான் கேட்டது இரட்டைப் பூட்டு. வெளிக்கதவுக்கு ஒரு சாவி, அது என்னிடம். உள்ளே துப்பாக்கியின் குறுக்கே விழும் இரும்புப் பட்டைக்கு இன்னொரு சாவி, அது தேவகோட்டையிலுள்ள என் தம்பியிடம். தோட்டாப் பெட்டி இரண்டாம் கட்டில் ஐயாவின் பழைய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. பட்டறைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு, நகை லாக்கர்களும் கோயில் உண்டியல்களும் செய்து பழகிய கை என்பதால், கணக்கைப் புரிந்துகொண்டார். தகட்டை வளைத்த இடங்களில் மூலை பிசகவில்லை. பற்றவைப்பு உள்பக்கம் முழு நீளத்துக்கும் ஓடுகிறது, ஒட்டு ஒட்டாக விட்டுவிடவில்லை. கீல் உள்ளடங்கியது, வெளியிலிருந்து அறுக்க இடமில்லை. சாதாரண பீரோவின் தகட்டைத் தட்டினால் வரும் தகர ஓசை இதில் வருவதில்லை. இந்த விலைக்கு இந்த வேலை நியாயமானது.

பூட்டுக்கு வருவோம், ஏனெனில் பெரிய குறை அங்கேதான். கீலைச் சரிபார்க்க ஒரு நாள் பட்டறைக்குப் போனபோது, சாவி கையில் இருந்ததால், விளையாட்டாக அங்கே விற்பனைக்கு நின்ற ஒரு நகை லாக்கரில் போட்டுத் திருப்பினேன். திறந்துகொண்டது. "டாக்டரய்யா, ஒரே பெட்டியில வந்த பூட்டுங்க, நாலஞ்சு ஒரே சாவியாத்தான் இருக்கும், யாரு போட்டுப் பார்க்கப்போறா" என்றார் பட்டறைக்காரர், எந்த மறைப்பும் இல்லாமல். அவருடைய மேசை டிராயரில் என் பெட்டகத்தின் மாற்றுச் சாவி, என் பெயர் எழுதிய அட்டையோடு கிடந்ததையும் அன்றுதான் பார்த்தேன். வாடிக்கையாளர் தொலைத்துவிட்டு வந்தால் உதவும் என்ற நல்லெண்ணம்தான். பீரோவுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. இரண்டு பூட்டுகளையும் கழற்றிவிட்டுத் திண்டுக்கல்லில் கையால் செய்த லீவர் பூட்டுகளைப் பொருத்தச் சொன்னேன். இதற்கு மேலும் 2,200 ரூபாய் ஆனது, கூலியை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. திண்டுக்கல் பூட்டுக்கும் எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கும் 2019இல் ஒரே சமயத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பூட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாராவது இந்தப் பட்டறையிலோ வேறு பட்டறையிலோ செய்யக் கொடுத்தால், பூட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள், எல்லாச் சாவிகளையும் எண்ணி வாங்குங்கள்.

உள்ளே ஒட்டிய சிவப்பு வெல்வெட் துணி பார்வைக்கு அழகு. ஐப்பசி மழையில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, குழலின் மேல் மூன்று இடங்களில் துரும்பு அளவுக்குத் துருவை உண்டாக்கியது. துணியைக் கிழித்துவிட்டு, வீட்டில் கிடந்த பழைய பர்மாத் தேக்குத் துண்டில் தாங்கி செதுக்கி வைத்திருக்கிறேன். சுவரில் பொருத்துவது இன்னொரு பாடு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சும் அதற்குப் பின்னால் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல்லும் போல்ட்டைப் பிடிக்கவில்லை, துளை போடப் போட உதிர்ந்தது. கடைசியில் கொத்தனார் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு குழி வெட்டி, கான்கிரீட் அடைத்து, அதில் போல்ட்டை நிறுத்தினார். அந்த நான்கு தழும்புகளை ஆச்சிமார்கள் யாரும் மன்னிக்கவில்லை. தளத்தில் பொருத்தலாம் என்றால் ஆத்தங்குடிக் கல் உடையும். பழைய வீட்டுக்காரர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்வது நல்லது.

பெட்டகம் வந்த மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் மருத்துவ நண்பர்கள் சிலர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கந்தரப்பம் தீரும் வரை அதன் விலையைப் பேசினோம். தீர்ந்த பின் துப்பாக்கியையே பேசினோம். ஒரே படிப்பைப் படித்தவர்கள் இந்த ஒரு பொருளைப் பற்றி எத்தனை விதமாக நினைக்கிறோம் என்பது எனக்கு அன்று வியப்பாக இருந்தது. இந்தப் பெட்டகத்தை அவரவர் எப்படிப் பார்த்தார்கள் என்பதிலேயே அது தெரிந்தது.

அறுவை மருத்துவரான நண்பர், சாவி எவ்வளவு நேரத்தில் கைக்கு வரும் என்று கேட்டார். தேவகோட்டை போய்வர ஒரு மணி நேரம் என்றதும், "வர்றவன் காத்திருப்பானா?" என்றார். 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில், பணியில் இருந்த புற்றுநோய் மருத்துவரை ஒரு நோயாளியின் மகன் கத்தியால் குத்திய பிறகு, அவர் கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்திருக்கிறார். மருத்துவப் பணியாளர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டதே என்றால், சட்டம் குத்து விழுந்த பிறகு வருவது என்கிறார். அவருடைய அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு, இறந்தவரின் உறவினர்கள் நாற்பது பேர் சூழ நின்ற அனுபவம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் என் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால், அது என் கையில் இருந்திருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அமெரிக்க மருத்துவமனைகளில் 2000 முதல் 2011 வரை நடந்த 154 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தவர்கள், அவசர சிகிச்சைப் பிரிவில் நடந்தவற்றில் 23 விழுக்காட்டில் சுட்டவன் பயன்படுத்தியது பாதுகாவலரிடமிருந்து பறித்த துப்பாக்கி என்று கண்டார்கள். பயிற்சி பெற்ற பாதுகாவலருக்கே அந்த நிலை. நண்பர் இதற்குப் பதிலாக 2014 ஜூலையில் பென்சில்வேனியாவில் நடந்ததைச் சொன்னார்: ஊழியர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற நோயாளியை, தன் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய மனநல மருத்துவரைப் பற்றியது அது. அந்த மருத்துவமனையின் விதிப்படி அவர் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. வைத்திருந்ததால் பலர் பிழைத்தார்கள் என்று அங்கே போலீஸாரே கருதினார்கள். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் இல்லை.

அமெரிக்காவின் ஒஹையோவில் இருபத்திரண்டு ஆண்டுகள் எலும்பு மருத்துவராக இருந்துவிட்டுப் பள்ளத்தூருக்குத் திரும்பியிருக்கும் மூத்தவர் ஒருவர் பெட்டகத்தைத் திறந்து, தோட்டா எங்கே என்று மட்டும் கேட்டார். வேறு கட்டில், வேறு பூட்டில் என்றதும் தலையாட்டினார். அங்கே குழந்தை மருத்துவர்கள் பெற்றோரிடம் சொல்வது அதுதானாம்: வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பது நல்லது, இருந்தே ஆக வேண்டுமென்றால் குண்டு நீக்கிப் பூட்டி வை, குண்டை வேறிடத்தில் பூட்டி வை. அதைக் கேட்பதற்கே அங்கே பெரிய சண்டை நடந்தது. 2011இல் ஃபுளோரிடா மாநிலம், நோயாளியிடம் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று மருத்துவர் கேட்பதைக் கட்டுப்படுத்தி ஒரு சட்டம் போட்டது. அதன் முக்கியப் பகுதிகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல்தான் தள்ளுபடி செய்தது. 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட ஒரு நிபந்தனையால், துப்பாக்கியால் வரும் சாவுகளைப் பற்றிய ஆய்வுக்கு அரசுப் பணம் ஏறக்குறைய நின்றுபோய், 2019 முடிவில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2018 நவம்பரில் அந்நாட்டுத் தேசியத் துப்பாக்கிச் சங்கம், மருத்துவர்கள் துப்பாக்கி விஷயத்தில் தலையிடாமல் தங்கள் பாதையோடு நிற்கட்டும் என்று எழுதியபோது, இரத்தம் தோய்ந்த அங்கிகளையும் அறுவை அரங்கின் தரையையும் படமெடுத்துப் போட்டு, இதுதான் எங்கள் பாதை என்று ஆயிரக்கணக்கான மருத்துவர்கள் பதில் சொன்னார்கள். அவர்களில் முன்னின்ற ஜோசப் சாக்ரான், 1994இல் பள்ளி மாணவராக இருந்தபோது குறிதவறி வந்த குண்டு தொண்டையில் பாய்ந்து பிழைத்து, பிறகு விபத்து அறுவை மருத்துவர் ஆனவர்.

அதே நாட்டில் துப்பாக்கி உரிமையை ஆதரிக்கும் மருத்துவர்களுக்கென்று 1994 முதல் ஓர் அமைப்பும் இருக்கிறது. மூத்தவர், தன்னோடு வேலை செய்த கிராமப்புற மருத்துவர்களில் மான் வேட்டைக்குப் போகாதவர்களை எண்ணிவிடலாம் என்றார். அவர்கள் வீட்டிலும் அப்பாவின் துப்பாக்கி, தாத்தாவின் துப்பாக்கி என்று சுவரில் நின்றதாம். அவரே அங்கே ஒன்று வைத்திருந்து, மகள் பதின்ம வயதை எட்டியதும் விற்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அந்த வயசுப் பிள்ளைகளை ராத்திரி டியூட்டியில பார்த்தவன் நான்" என்றார், அதற்கு மேல் பேசவில்லை. இடையில் யாரோ, சுழல் குழல் துப்பாக்கியைக் கண்டுபிடித்த கேட்லிங் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதை நினைவூட்டினார். வேகமாகச் சுடும் கருவி இருந்தால் படை சிறுத்துவிடும், படை சிறுத்தால் நோயில் சாகும் சிப்பாய்கள் குறைவார்கள் என்பது 1862இல் காப்புரிமை வாங்கிய அந்த மனிதரின் கணக்கு. மருத்துவர் போடும் கணக்கும் தப்பும்.

தடயவியல் பேராசிரியை கடைசியாகத்தான் பெட்டகத்துக்குப் பக்கத்தில் வந்தார். தன் மேசைக்கு வரும் துப்பாக்கிக் காயம் பெரும்பாலும் நாட்டுத் துப்பாக்கியின் ரவைக் காயம் என்றும், அதுவும் அபூர்வம் என்றும் சொல்லிவிட்டு, "நம்ம பக்கத்துத் துப்பாக்கி பூச்சிமருந்துதான்" என்றார். அது எனக்கு உறைத்தது. அமெரிக்க மருத்துவர் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கும் இடத்தில் நான் நோயாளியின் குடும்பத்தாரிடம், பூச்சிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறேன். அங்கே துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். மனம் இருண்டு கிடக்கும் அந்த நேரம் பெரும்பாலும் கடந்துபோகக்கூடியது, அது கடந்துபோகும் வரை பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் ஆள் பிழைக்கிறார் என்பது இரண்டுக்கும் பொது.

பூட்டிவிட்டால் போதுமா என்றால், இந்தப் பெட்டகத்தை விற்பவர்கள் சொல்ல விரும்பாத செய்தி ஒன்று உண்டு. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களைக் கொண்டு நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பூட்டுள்ள பூச்சிமருந்துப் பெட்டி கொடுத்தார்கள். கொடுத்த ஊர்களிலும் கொடுக்காத ஊர்களிலும் நஞ்சருந்தியவர் கணக்கு பெரிதாக வேறுபடவில்லை. அந்நாட்டில் உண்மையில் சாவைக் குறைத்தது கொடிய பூச்சிமருந்துகளுக்கு அரசு விதித்த தடைதான். பெட்டியும் வீட்டில், சாவியும் வீட்டில் என்றால் பூட்டு எத்தனை நிமிடம் தாங்கும்? இதையே வேறு விதமாக யோசித்துக் காட்டுமன்னார்கோவில் பகுதியில் சென்னை ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் உடனிருந்தோரும், ஊர்ப் பொதுக் கிடங்கில் வங்கி லாக்கர் போன்ற பெட்டிகளில் பூச்சிமருந்தை வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். பொருளை வீட்டைவிட்டே தள்ளி வைப்பது அந்த யோசனை. நான் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு சாவியைத் தள்ளி வைத்திருக்கிறேன். அரைகுறைதான், ஆனால் இரண்டு சாவியும் என் இடுப்பில் இருப்பதைவிட மேல்.

அறுவை மருத்துவர் கேட்டது நியாயமான கேள்வி: எடுக்க ஒரு மணி நேரம் ஆகும் துப்பாக்கி எதற்கு? திருடனுக்கு உதவாது. வேட்டை கிடையாது. ஆண்டில் இருமுறை தம்பி வரும்போது எடுத்து எண்ணெய் போடுகிறோம், பதிவேட்டில் இருவரும் கையெழுத்திடுகிறோம், திரும்ப வைத்துவிடுகிறோம். அது ஐயாவின் பொருள், அவ்வளவுதான். அவருடைய பெட்டியடிக் கணக்குப் பலகையையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன், யாரும் அதில் கணக்கு எழுதுவதில்லை. 2024 மக்களவைத் தேர்தலின்போது உரிமதாரர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோமே, அந்த இரண்டரை மாதத்தில் நான் எதையும் இழந்ததாக உணரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வெளிக்கதவைத் திறக்கும்போது கீல் பலமாகக் கிறீச்சிடுகிறது. வந்த முதல் வாரம் இதைக் குறையென்று சொல்லிப் பட்டறைக்காரரை எண்ணெயோடு வரச் சொல்லியிருந்தேன். இரவில் ஒருமுறை திறந்து பார்த்தபோது மூன்றாம் கட்டில் படுத்திருந்த அம்மா எழுந்து விளக்கைப் போட்டதும், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செய்து முடிக்க நான்கு வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. பாதி முன்பணம் கேட்கிறார்கள். ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். இரட்டைப் பூட்டை விட்டுவிட்டு ஒற்றைப் பூட்டோடு செய்தால் நாலாயிரம் ரூபாய் வரை குறையும். அறுவை மருத்துவர் அப்படித்தான், இதைவிடச் சிறிய அளவில், ஒரே சாவியோடு செய்யக் கொடுத்து வாங்கிவிட்டார். அவருடைய விண்ணப்பம் இன்னும் சிவகங்கையில் இருக்கிறது. என் தோழியிடம் எஸ்-3 படிவத்தைக் கொண்டுபோனவரை அவர் மூன்றாவது முறையாக அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.